கன்றுக்குட்டிக்குக் கண் திறந்த பக்கெட்டார்

தப்பு செய்யாத மனிதர் கிடையாது. ஆனால் நாமெல்லாம் தப்பை அவசரத்தில் செய்கிறோம், அசதியில் செய்கிறோம், யாரும் பார்க்காத நேரத்தில் செய்கிறோம். பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரம் குறித்து, மேளக்காரரை வரவழைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்துத் தப்பு செய்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கெட்டார்தான். இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் ஆள் இல்லை. இப்போது ஊர் மாவட்டத் தலைநகராகி இத்தனை ஆபீஸ்கள் வந்த பிறகும், நான் பார்த்தவரை இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. வெளியே யாரும் அதைத் தொடவில்லை. சங்கராபுரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பழைய பிளாஸ்டிக் மிஷின், அதிலிருந்து விழுகிற பக்கெட், குளிக்கிற கப்பு, சோப்பு டப்பா, அவற்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அறுக்க எட்டுப் பெண்கள். கம்பெனி இவ்வளவுதான். ஊர் அவரைப் பக்கெட்டார் என்றது. கேலியும் மரியாதையும் கலந்த பெயர். அவர் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எங்கே எந்த பிளாஸ்டிக் சாமானைப் பார்த்தாலும் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஜக்கை அப்படித் திருப்பினார். உள்ளே தண்ணீர் இருந்ததை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நனைந்த வேட்டியோடு எழுந்து நின்றவரிடம், "ஒண்ணியும் பயப்படாதீங்க. வெயிட்டு கம்மி, ஆனா மாலு நல்ல மாலு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுச் சாம்பார் கேட்டார்.

நான் பி.காம். முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, வீட்டில் சும்மா இருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் வேலைக்குப் போனேன். என் சர்ட்டிபிகேட்டை அவர் பிரிக்கவே இல்லை. சூடு ஆறாத ஒரு சோப்பு டப்பாவைக் கையில் கொடுத்தார்.

"கடிச்சுப் பாரு."

கடித்தேன்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க."

"இதுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. அத்தினி பேரும் கடிச்சிட்டு, சூப்பர் குவாலிட்டி சார்னு புளுவுனாங்க. நீ நாளைக்கே வந்துடு."

அன்றிலிருந்து நான் 'பி.காம்.' ஆனேன். மூன்று வருஷத்தில் என் பெயரை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தத் தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மிஷின் பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சுக்குள் பீச்சும். அச்சு என்பது உள்ளே பள்ளம் வெட்டிய இரும்புப் பாளம். பீச்சியது இறுகியதும் அச்சு திறக்கும், பக்கெட் கீழே விழும். ஆகையால் மிஷின் யாரிடம் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, அச்சு யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். எங்கள் பக்கெட்டாரிடம் சொந்தமாக ஒரு சோப்பு டப்பாவுக்குக்கூட அச்சு கிடையாது. புதுச்சேரியிலிருந்து பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்து வருவார். இரவு பகலாக மிஷினை ஓட்டித் திருப்பிக் கொடுப்பார். அச்சுக்காரன் பெயர் அச்சிலேயே வெட்டியிருக்கும். ஆக, இருபது வருஷமாக அவர் செய்த பக்கெட் ஒவ்வொன்றின் அடியிலும் எவனோ ஒருவனின் பெயர் புடைத்துக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும் அவருக்கு அது உறுத்தவில்லை. மணலூர்பேட்டையில் இருந்த அவர் அக்காதான் உறுத்த வைத்தார். ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில், கிணற்றடியில் இருந்த பக்கெட்டைக் காட்டி அக்கா சொன்னாராம்: "தம்பி, கம்பெனி சாமான்னா இதுடா. மூணு வருசமா ஒரு கீறல் இல்ல. பேரு பாரு, இன்னா கெத்தா போட்டுகினு இருக்குது. நீயும் செய்றியே பக்கெட்டு!"

பக்கெட்டார் வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஒரு சின்ன வடு. எங்கள் மிஷினுக்கென்றே உள்ள வடு. அது அவர் கொட்டகையில் விழுந்த பக்கெட்டேதான். சொல்லியிருக்கிறார். அக்கா நம்பவில்லை. "போடா, பேரு போட்டிருக்குது பாரு" என்றாராம்.

அவர் இன்னும் வடுவைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் மூன்று வயசுப் பேரன் அந்த பக்கெட்டைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கால் பரப்பி உட்கார்ந்து, "ஹை, ஹை" என்று மாடு ஓட்டினான். பக்கெட் நகரவில்லை. பையன் விடாமல் ஓட்டினான்.

மறுநாள் காலை பக்கெட்டார் கொட்டகைக்கு வந்து மிஷினை நிறுத்திவிட்டு, எட்டுப் பெண்களையும் என்னையும் நிற்க வைத்துப் பேசினார்.

"இனிமே நம்புளுக்குன்னு ஒரு அச்சு. சொந்த அச்சு. பசங்க மேல ஏறி ஒக்காந்து கால்ல உந்திக்கினு போற வண்டி செய்யப் போறோம். நான் சாவுறதுக்குள்ள ஒரு புள்ளயாவது என் கையால செஞ்ச சாமான் மேல ஏறி ஒக்காந்து சிரிக்கணும்."

பிசிறு அறுப்பவர்களில் மூத்தவளான மல்லிகாக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு இப்ப கவுத்துப் போட்ட பக்கெட்டே போதுமே முதலாளி" என்றாள்.

அச்சு வாங்குவது சோப்பு டப்பா வாங்குகிற மாதிரி இல்லை. கோமுகி ஆற்றுப் பாசனத்தில் அவருக்கு இருந்த ஒரே கரும்புக் கொல்லை போயிற்று. முதலாளியம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கொட்டகைக்கே வந்து, எங்கள் எதிரிலேயே வைத்தார்.

"இது ஓடிச்சின்னா உங்க சாமர்த்தியம். ஓடலின்னு வெச்சிக்குங்க, மிஷின வித்துட்டு உளுந்தூர்பேட்டைல எங்கண்ணன் ஓட்டலுக்கு வந்து கல்லால ஒக்காந்துடணும். அப்புறம் பிளாஸ்டிக்கு கிளாஸ்டிக்குன்னு வாய தொறக்கக் கூடாது."

லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போடும் அந்த ஓட்டலையும், மைத்துனரின் முகத்தையும் நினைத்து பக்கெட்டாருக்கு ஒரு நிமிஷம் வேர்த்தது. பிறகு, "சரி" என்றார்.

அச்சுக்கு ஆர்டர் கொடுக்க அம்பத்தூர் பக்கம் ஒரு மோல்டுக்காரரிடம் போனோம். பக்கெட்டார், முதலாளியம்மா, நான், ஒரு தூக்குச் சட்டி புளிச்சோறு. மோல்டுக்காரர் நல்ல மனுஷர். தான் செய்த அச்சுகளின் படங்களை ஒரு ஆல்பத்தில் காட்டினார்.

"வாத்து நல்லா போவுது சார். கொழந்தைங்களுக்கு வாத்துன்னா உயிரு."

"எங்கூர்ல வாத்து மேல ஏறுனா வாத்து செத்துடும்."

"யானை?"

"பாகன் திட்டுவான்."

"காரு இருக்குது சார், பாருங்க."

"காரு வெச்சிருக்கிறவன் புள்ள நெஜ காருலயே போவாதா?"

மோல்டுக்காரர் ஆல்பத்தை மூடினார். "அப்ப உங்களுக்கு இன்னாதான் சார் வேணும்?"

"கன்னுக்குட்டி. காளங்கன்னு. பாத்தா புள்ளைங்களே போய் கழுத்த கட்டிக்கணும்."

அப்படி ஒன்று அவரிடம் இல்லை. மரத்தில் ஒரு மாதிரி செய்து கொடுத்தால் அதைப் பார்த்து அச்சு வெட்டித் தருவதாகச் சொன்னார். பக்கெட்டார் முகம் மலர்ந்துவிட்டது. மரத்தில் செதுக்குகிறவர்களுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? அங்கேதான் வந்தது வினை.

சாதாரணமாகப் பொம்மை செய்கிற ஆளைப் பிடித்திருக்கலாம். இவர் கோயில் வாகனங்கள் செய்கிற பெரிய ஸ்தபதியைப் போய்ப் பிடித்தார். ஸ்தபதிக்குத் தெரிந்த காளை ஒன்றே ஒன்றுதான். சாமி புறப்பாட்டுக்குப் போகிற ரிஷப வாகனம். அதையே சின்ன அளவில், கழுத்தில் சலங்கை மாலையோடு, முதுகில் பட்டு விரித்த மாதிரி இழைத்து, நாற்பது நாளில் செதுக்கிக் கொண்டுவந்தார். உண்மையிலேயே அழகு. முகத்தில் மட்டும் கண் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது.

"கண்ணு எங்கங்க?" என்றேன்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாங்கின பட்டம் கால் காசு பெறாமல் போயிற்று.

"கண்ணு கடைசிலதாம்மா தொறக்கணும்" என்றார் ஸ்தபதி. "பொருளு எங்க நிக்கப் போவுதோ அங்க வந்து எறங்குனப்புறம், நல்ல நேரத்துல, செஞ்சவன் கையாலயே தொறக்கணும். முன்னாடியே தொறந்து லாரில ஏத்தி அனுப்புனா, போற வழியில அது எத்த எத்த பாத்துக்கினு போவுமோ?"

"கேட்டுக்க, பி.காம்." என்றார் பக்கெட்டார்.

கண்ணில்லாத கன்று அம்பத்தூர் போயிற்று. மோல்டுக்காரரும் கண்ணைப் பற்றிக் கேட்டார். "அத்த எங்கூர்ல நாங்க பாத்துக்குறோம்" என்றார் பக்கெட்டார் பெருமையாக. ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று மோல்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நானும் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பட்டதாரி ஒருத்தி பக்கத்தில் நின்றும் தடுக்காத தப்பு இது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாலு மாசம் கழித்து அச்சு வந்தது. லாரியிலிருந்து இறக்கவே சங்கிலி கட்டி எட்டு ஆள் வேண்டியிருந்தது. திறந்து போட்டால் ஒரு பாளத்தில் கன்றின் இடப்பாதி, வலப்பாதி இரண்டும் பள்ளமாக வெட்டியிருந்தன. ரெண்டு பாதியும் ஒன்றாக விழும், திருகாணி போட்டுச் சேர்த்து, சக்கரம் மாட்டினால் வண்டி. பக்கெட்டார் அந்தப் பள்ளத்தில் கையை விட்டு, கன்றின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அச்சில் எங்கேயும் எவன் பெயரும் இல்லை. தன் பெயரையும் அவர் வெட்டச் சொல்லவில்லை. "பேரு எதுக்கு? கன்ன பாத்தா தெரியாதா, யாருதுன்னு?" என்றார்.

கண் திறப்புக்கு நாள் குறித்தார்கள். மேளம் வந்தது. கண் திறந்ததும் அது முதலில் பசுவையும் கன்றையும் பார்க்க வேண்டும் என்று ஸ்தபதி சொன்னதால், பக்கத்துக் கொல்லையிலிருந்து நிஜமாகவே ஒரு பசுவும் கன்றும் ஓட்டி வரப்பட்டன. பசுவுக்கு மேளம் பிடிக்கவில்லை. அச்சில் பூசியிருந்த கிரீஸ் பிடித்துவிட்டது. ஒரு ஓரத்திலிருந்து நக்க ஆரம்பித்தது. மல்லிகாக்கா துடைப்பத்தோடு அதை விரட்ட, அது கேசரி அண்டாவுக்குள் வாயை வைத்தது.

ஸ்தபதி மஞ்சள் துணி கட்டிக்கொண்டு பாளத்தின் மேல் குப்புறப் படுத்து, பள்ளத்துக்குள் உளியை வைத்துத் தட்டினார். உளி முனை உடைந்து மேளக்காரர் பக்கம் பறந்தது. அது மரமில்லை, பதம் வைத்த இரும்பு. லேத்து பட்டறையிலிருந்து இரும்பு வெட்டுகிற உளிகள் வந்தன. நல்ல நேரம் முடிந்தது. அடுத்த நல்ல நேரம் வந்தது. அதுவும் போயிற்று. இடக்கண்ணைத் திறக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. வலக்கண் மறுநாள். ஸ்தபதி ஒரு வித்தைக்காரர், அதில் சந்தேகமில்லை. அந்த இரும்பிலும் இமை, இமைக்குள் விழி, விழிக்குள் பாப்பா என்று ஆழமாகத் தோண்டி, நுணுக்கமாக இழைத்துவிட்டார்.

நடுவில் மல்லிகாக்கா ஒரு வார்த்தை கேட்டாள். "குழிக்குள்ள போயி மறுபடியும் குழி தோண்றீங்களே, சாமான்ல அது எப்டிங்க வரும்?"

"நல்ல காரியம் நடந்துகினு இருக்குது. வாய வெக்காத" என்றார் பக்கெட்டார்.

மூன்றாம் நாள் பூசணிக்காய் உடைத்து மிஷினை ஓட்டினோம். அச்சு திறந்தது. மஞ்சள் நிறத்தில் இரண்டு பாதிகளும் விழுந்தன. சூடு ஆறுவதற்குள் பக்கெட்டாரே திருகாணி போட்டுச் சேர்த்தார். சக்கரம் மாட்டினார். தரையில் நிறுத்தினார்.

பள்ளத்தில் தோண்டினால் சாமானில் மேடாக வரும். இரண்டு கண்களும் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. இமையெல்லாம் புடைத்து நின்றது. தனித்தனி நாளில் வெட்டியதால் ஒரு கண் வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடியது. நான் நாலடி பின்னால் போனேன். ஸ்தபதி மேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கெட்டார் மட்டும், "பசங்க பாக்கட்டும். பசங்க கண்ணே வேற" என்றார். மிட்டாய் கொடுத்து நாலைந்து தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். ஒரு குழந்தை அலறியதில் மற்றவை எல்லாம் அலறின. ஒன்று ஓடிப்போய்க் குருணைச் சாக்குக்குள் ஒளிந்துகொண்டது. வெளியே இழுத்து எடுக்க அதன் அம்மா வர வேண்டியிருந்தது. அந்தம்மா கன்றைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பக்கெட்டாரைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்.

நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மோல்டுக்காரருக்கு போன் போட்டு ரிசீவரை முதலாளியிடம் கொடுத்தேன். மறுமுனையில் போட்ட சத்தம் பூத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "இருவது வருசமா பக்கெட்டு ஓட்டுறீங்களே சார்! அச்சுல வெட்டுன பேரு பக்கெட்டுல மேடா வர்றத தெனம் பாக்குறீங்களே!"

"பாத்தங்க" என்றார் பக்கெட்டார் ரொம்பப் பணிவாக. "கண்ணு தொறக்குற நேரத்துல பக்கெட்டு ஞாபகம் வரலீங்க."

கதை அதோடு முடிந்திருக்கும். மாதிரி பார்க்க வந்த மொத்த வியாபாரி வாசலோடு திரும்பிவிட்டார். முதலாளியம்மா உளுந்தூர்பேட்டை அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஓட்டிப் பார்த்த நாற்பது கன்றுகள் கொட்டகை வாசலில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு திசையில் முறைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் சாலையில் போன ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றினார். முதல் கன்றுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது வெலைக்குக் குடுப்பீங்களா? எங்க முனீஸ்வரனுக்கு மாடு செஞ்சு வெக்கிறதா வேண்டுதலு. மண்ணுல செஞ்சு வெச்சா மழைல கரைஞ்சுடுது. இது கல்லு மாறி நிக்குது. கண்ணு பாருங்க, இன்னா ஒரு ஆங்காரம்!"

பக்கெட்டார் திக்கித் திணறி, "சக்கரம் இருக்குதுங்களே. கழட்டிட்டுத் தரட்டுமா?" என்றார்.

"இருக்கட்டுங்க. ராவுல சாமி காவலுக்குப் போய்ட்டு வர்றதுக்கு ஆவும்."

ஆடி மாசத்துக்குள் நாற்பதும் போயிற்று. மேலும் ஓட்டினோம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆள் வந்தார்கள். மஞ்சளில் ரெண்டு, பச்சையில் ஒன்று என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சிவப்புக் கன்றின் கண்ணில் விரலை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முழி பெருசா வருமா?" என்று கேட்டார். எட்டுப் பெண்களுக்கும் புதுப் புடவை வந்தது. முதலாளியம்மா அண்ணனுக்கு, வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். ஸ்தபதி, தான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் நினைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தோஷப்படாத ஒரே ஆள் பக்கெட்டார்.

ஒருநாள், ஒரு கோயிலில் தன் கன்றுகளைப் பார்க்க வேண்டும் என்று என்னையும் மல்லிகாக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். கரும்புக் கொல்லை நடுவில் முனீஸ்வரன் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒன்பது பிளாஸ்டிக் கன்றுகள், நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை. பொங்கல் வைக்க வந்த குடும்பத்தில் ஒரு பொடியன் அதில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் கண்ணைப் பார்த்து ஒரு பயமும் இல்லை. மெதுவாகப் போனான். கொம்பைப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கி மேலே போட்டான்.

பக்கெட்டார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பையனின் அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். "சாமி மாடுடா! ஏறுற? கால் வெளங்காம பூடும்! வுழுந்து கும்புடுறா!" பையன் அழுதுகொண்டே கன்றின் காலில் விழுந்தான். அந்தம்மா மேல் தப்பில்லை. அவள் காசு கொடுத்து வாங்கி வைத்த சாமி மாடு அது.

திரும்பி வந்த பக்கெட்டார் மறுநாள் காலை அச்சைக் கழற்றி அம்பத்தூருக்கு லாரியில் ஏற்றினார். கண்ணை அடைத்து, சின்னதாக, சாதுவாக வெட்டி வரச் சொல்லி.

"முதலாளி, ஆடிக்கு ஆடி வந்து வாங்கிக்கினு போவாங்க. இத்தையே ஓட்டிக்கினு இருங்க. அந்தக் காசுல பசங்களுக்கு வேற அச்சு வாங்கலாம்" என்று மல்லிகாக்கா கெஞ்சினாள். இவ்வளவு தெளிவான யோசனையை அந்தக் கொட்டகையில் அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

"சாமிக்கு ஆயிரம் வாகனம் இருக்குது. அந்தப் புள்ள அடி வாங்கினது என் கன்னால" என்றார் அவர்.

கண் மாறி வந்தது. சாதுவான, கொஞ்சம் தூக்கம் வந்த மாதிரியான கண்கள். நிஜமாகவே கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முனீஸ்வரன் ஆட்கள் வந்து பார்த்தார்கள். "இன்னாங்க, இது நம்பள பாக்கவே மாட்டேங்குதே" என்று திரும்பிவிட்டார்கள். மொத்த வியாபாரியிடம் கொண்டுபோனோம். அவர் கடை வாசலில், டில்லியிலிருந்து வந்த வாத்துகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காலால் உந்தினால் பாட்டு வேறு பாடின. "கன்னு கத்துமா?" என்று கேட்டார். கத்தாது என்றோம். அவ்வளவுதான்.

முதலாளியம்மா இந்த முறை கொட்டகைக்கு வரவில்லை. அண்ணனே வந்தார். மிஷினை விழுப்புரத்துக்காரர் ஒருவர் பேசி முடித்தார். அச்சு பழைய இரும்புக்குப் போனது. எட்டுப் பெண்களில் ஆறு பேர் மறுபடியும் கரும்பு வெட்டப் போனார்கள். மல்லிகாக்காவும் அந்த ஆறில் ஒருத்தி. இதற்காக எனக்குப் பக்கெட்டார் மேல் அன்றைக்குக் கோபம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஒரு மனுஷனின் ஆசை ஒன்பது பேர் சோற்றில் கை வைக்கலாமா?

மிச்சமிருந்த கன்றுகளை அரைத்துவிடலாம் என்றார் மைத்துனர். பிளாஸ்டிக்கில் அது ஒரு வசதி. எதையும் அரைத்துக் குருணையாக்கினால் மறுபடி பக்கெட் ஆகிவிடும். பக்கெட்டார் அரைவை மிஷினின் ஸ்விட்ச் மேல் கையை வைத்துக்கொண்டு நகர மறுத்தார். மறுநாள் ஒரு சரக்கு வேனை வாடகைக்குப் பிடித்து, எல்லாக் கன்றுகளையும் ஏற்றினார்.

"எங்கங்க?"

"மலைக்கு. கீழ இருக்கிற பசங்களுக்கு வாத்து வந்துடுச்சு. கல்வராயன் மலைல ஒண்ணியும் வந்திருக்காது."

கடைசி நாள் சம்பளம் வாங்க வந்த நானும் ஏறிக்கொண்டேன். வேன் வளைந்து வளைந்து ஏறியது. வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பால்வாடி. டீச்சர் கன்றுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்கங்க ஓட்டுறது? வாசல்ல எறங்குனா சரிவு" என்றார்.

நானும் பார்த்தேன். ஒரு கயிற்றுக் கட்டில் போடுகிற அளவுக்குக்கூட அங்கே சமமான தரை இல்லை. எனக்கு அடக்க முடியவில்லை. "மலைக்குப் போய் யாராவது சக்கர வண்டி கொண்டாருவாங்களா முதலாளி? ஒரே ஒரு தடவை, செய்றதுக்கு முன்னாடி யோசிக்கவே மாட்டீங்களா?" என்று கத்தினேன். மூன்று வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் கன்றின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

நாங்கள் இப்படி நின்றுகொண்டிருந்தபோது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் யாரையும் கேட்காமல் ஒரு மஞ்சள் கன்றை இழுத்துச் சரிவின் விளிம்பில் நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, கொம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கன்று புறப்பட்டது. புல் சரிவில் அது போன வேகத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கீழே அறுத்துக் குவித்திருந்த சாமைத் தாளில் போய் முட்டி, பெண் ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு தாளுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கன்றைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் மேலே ஏறி வருவதற்குள், மற்ற எல்லாப் பிள்ளைகளும் "நானு, நானு" என்று வேனைச் சூழ்ந்துவிட்டார்கள்.

பக்கெட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். அடியில் போய், சாமைத் தாளுக்கு முன்னால், ரெண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். மேலே இருந்து கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வருகிற பிள்ளையைக் கன்றோடு சேர்த்து நெஞ்சில் வாங்கினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி கையை விரித்தார். உளுந்தூர்பேட்டைக் கல்லா அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"முதலாளி, போலாங்க!" என்று கூப்பிட்டேன்.

"இரு பி.காம்.! இன்னும் நாலு பேரு மேல நிக்கிறாங்க!"

நாலு பேர் இல்லை, இருபது பேர் நின்றார்கள். வேலையைத் தொலைத்துவிட்டுக் கோபத்தோடு நின்றவள் நான். ஆனால் அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தச் சரிவில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி ஓடி, அவருக்குப் பக்கத்தில் கையை விரித்து நின்றேன். ஒரு ஆளால் பிடிக்க முடியாத அளவுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.